முப்பது நோன்பும் பிடித்த பிள்ளை

ஆசுபத்திரி வாட்டில் நான் படுத்திருந்த மூன்றாம் நாள் பின்னேரம், நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில், வாப்பாவின் தூரத்து உறவுக்காரி ஒருத்தி என் கட்டிலுக்குக் கிட்ட வந்து குனிந்தாள். என் ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்கள் தலைமாட்டில் இருந்த பெட்டிக்குப் போயிருந்தன. என் இதயம் எவ்வளவு மெதுவாக அடிக்கிறது என்று அந்தப் பெட்டி ஓயாமல் காட்டிக்கொண்டிருந்தது. என் உம்மா கவனிக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்ன புள்ள செஞ்ச நீ? இப்பிடி மெலிஞ்சிட்டாயே! எண்ட மகளுக்கும் கொஞ்சம் செல்லித் தாவன்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இன்னும் கேளுங்கள், உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாகக் கிடந்த நேரத்திலும் ஒருத்திக்கு என்மேல் பொறாமை என்ற பெருமை. கோபம் இப்போதுதான் வருகிறது, அதுவும் நன்றாக வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது அனொரெக்சியா என்ற வருத்தம், அதாவது நோய். உண்ணல் கோளாறு என்று கிளினிக் துண்டில் எழுதியிருந்தார்கள். சாப்பிடப் பயப்படும் வருத்தம் என்று சொன்னால் லேசாக விளங்கும். இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வருவது, சோறும் மீனும் தின்கிற நமக்கு எங்கே வரப்போகிறது என்று எங்கள் பக்கத்தில் நினைக்கிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் நிந்தவூரில் பிறந்து, நிந்தவூரிலேயே சோறு தின்று வளர்ந்த எனக்கு வந்தது. நான் எவ்வளவு நிறை இருந்தேன், எவ்வளவு இறங்கினேன் என்று இதில் ஓரிடத்திலும் எழுத மாட்டேன். அந்த எண்களைத் தேடித் தேடி வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் அப்படி வாசித்தவள்தான்.

எனக்கு வயது இருபத்தாறு. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வாப்பா வயல் செய்கிறார். வீட்டில் வாப்பா, உம்மா, நான் மூன்று பேர்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள், பிறகுதான் பெண்ணைப் பார்ப்பார்கள்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் பின்வளவு பல்கீஸ் மாமி. எனக்குச் சொந்த மாமி இல்லை, ஊரில் பாதிப்பேருக்கு அவர் மாமி. மாப்பிள்ளைக்கு ஊர் சாய்ந்தமருது, கட்டாரில் என்ஜினியர். அவருடைய உம்மா வந்தார். அறை அறையாகப் போய்ப் பார்த்தார். "வீடு வடிவா இரிக்கி. மேல ஒரு தட்டுப் போட்டா நல்லம்" என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி, என் மேற்கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். சந்தையில் கோழி வாங்குகிறவர்கள் அப்படிப் பிடிப்பார்கள்.

"புள்ளயும் நல்ல புள்ளதான். கொஞ்சம் சத கூட. மகன் மெல்லிசான ஆளு, போட்டோவுக்கு நிண்டா சோடி பொருந்தணுமே. ஒரு வருசம் இரிக்கிதானே, கொறச்சிக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் வட்டிலப்பத்தில் இரண்டாம் துண்டையும் எடுத்துச் சாப்பிட்டார்.

வீடு பெருக வேண்டும், நான் சிறுக வேண்டும். இரண்டுக்கும் ஒரே தவணை, ஒரு வருஷம்.

அவர்கள் போன பிறகு சாப்பாட்டு மேசையில் உம்மா என் பீங்கானில் சோறு போட எடுத்த கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இரவைக்கு இனிச் சோறு வேணாம் மகள். ஒரு வருசந்தானே." அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. உம்மா என்னைக் கரைசேர்க்கப் பார்த்தார். எனக்கு அது இன்றைக்கும் ஆத்திரத்தைத் தருகிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேனே!

நான் கெதியாகக் கற்றுக்கொண்டேன். திங்களும் வியாழனும், கடமையில்லாத, விரும்பினால் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு கிழமை அல்லாஹ்வுக்காகத்தான் பிடித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு எதற்காகப் பிடித்தேன் என்பது எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். வேறு ஊர்களில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் "நோன்பு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், கேள்வி அடங்கிவிடும். மேலதிகமாக ஒரு மாஷா அல்லாஹ்வும் கிடைக்கும். வாப்பா பள்ளியில் இருந்து வந்து, "எண்ட புள்ளயப் பாரு, இந்தக் காலத்துல ஆரு இப்பிடி நோன்பு புடிக்கிற?" என்று உம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்கும். நான் அறைக்குள் தலைச்சுற்றோடு கிடப்பேன்.

நான் வேலை செய்கிற கந்தோரிலும் அதே பாட்டுத்தான். முன்பு என்னைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம், "என்ன மிஸ், ஆளே மாறிட்டீங்க, சரியான வடிவு" என்றார்கள். போனைத் திறந்தால் மெலிவது எப்படி என்று பத்துப் பேர் படம் காட்டினார்கள். அபாயாவைத் தைத்துத் தருகிறவள் இரண்டாம் முறை இடுப்பைப் பிடித்துத் தைத்தபோது எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். ஒரு மனுஷி, ஒரே ஒரு மனுஷியாவது, "உனக்கு என்ன நடக்குது?" என்று கேட்டிருக்கலாம். உடம்பு சுருங்கச் சுருங்க ஊருக்குச் சந்தோஷம் பெருகிக்கொண்டே போனது.

அந்த வருஷத்து ரமழான் நோன்பு மாதம் வந்தது. முப்பது நோன்பையும் பிடித்தேன். ஒன்றையும் விடவில்லை.

இதை வாசிக்கிற பெண்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருப்பீர்கள். மாதவிடாய் நாட்களில் எங்களுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. விட்ட நாட்களைப் பிறகு பிடித்துக் கொடுப்போம். ஆகவே என் வயதில் ஒருத்தி முப்பதையும் பிடித்தாள் என்றால், அந்த மாதம் அவளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை. பெருநாளன்று உம்மா பல்கீஸ் மாமியிடம், "மகள் முப்பதும் முழுசாப் புடிச்சிட்டா" என்று சொன்னார். இருவரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்குள் இருந்த வருத்தம்தான் என்னை நடத்தியது. நிந்தவூர் வெயிலில் நான் குளிரில் நடுங்கினேன். தலைமுடி சீப்போடு வந்தது. ஒரு கடிதத்தை மூன்று தரம் வாசித்தாலும் விளங்காது. பகல் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தேன், சமையல் வீடியோக்களாகப் பார்த்தேன். ஆனால் பீங்கான் முன்னால் வந்தால் பயந்து தள்ளி வைத்துவிடுவேன். பசி இல்லாததால் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பசித்தது. வாழ்க்கையில் அவ்வளவு பசி எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

தனியார் கிளினிக்கில் முதலாவது டொக்டர் கேஸ்ட்ரிக் என்று குளிசை தந்தார். இரண்டாவது டொக்டர் விற்றமின் தந்துவிட்டு, "கலியாண யோசன போல" என்று வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். கண்ணூறு என்று சொன்னவர்கள் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் என்பதால் அதை மட்டும் நம்பிக் குடித்தேன். மூன்று மாதம் இப்படியே போனது.

மாரி தொடங்கியிருந்த ஒரு காலையில், கந்தோர்ப் படிக்கட்டில் நான் விழுந்தேன். கூட வேலை செய்கிற ஒருத்தி என்னை ஓட்டோவில் போட்டு, தண்ணீர் ஓடுகிற வீதியால் அரசாங்க ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசீஜி எடுத்தார்கள். அதாவது, நெஞ்சில் வயரை ஒட்டி இதயத் துடிப்பைக் கடதாசியில் கோடாக எடுப்பது. கோட்டைப் பார்த்த சின்ன டொக்டர் பெரிய டொக்டரைக் கூப்பிட்டார், பெரிய டொக்டர் மறுபடியும் எடுக்கச் சொன்னார். ஈரச் சப்பாத்துகளின் தடமாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன். உம்மா வந்து சேர்ந்தபோது இரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. பொட்டாசியம் மிகக் குறைவு. அது இரத்தத்தில் இருக்கிற ஓர் உப்பு. இதயம் தாளம் தவறாமல் அடிப்பதற்கு அது வேண்டும். இன்னும் இறங்கினால் இதயம் நின்றாலும் நிற்கும் என்று டொக்டர் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது?"

"அதெல்லாம் ஒழுங்கா வரும் டொக்டர்" என்றார் உம்மா.

"அம்மா, நான் அவவிடம் கேட்டேன்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "நோன்புக்கு முதல் மாதம் வந்தது. அதுக்குப் பிறகு இல்ல."

டொக்டர் விரல் விட்டு எண்ணினார். எட்டு மாதம். உம்மா என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் உதடு அசைந்து கணக்குப் போட்டது.

"முப்பதும் புடிச்சியே புள்ள" என்றார். "குளிச போட்டிருப்பாய் எண்டுதானே நான் நெனச்சன்."

டொக்டருக்கு விளங்கவில்லை. நான்தான் விளங்கப்படுத்தினேன். ஹஜ்ஜுக்குப் போகிற பெண்கள் மாதவிடாயைத் தள்ளிப்போட ஒரு குளிசை போடுவார்கள். நோன்பு மாதத்திலும் சிலர், ஒன்றும் விடுபடக் கூடாது என்று அதைப் போடுவார்கள். மகள் நன்மையில் ஆசைப்பட்டு அந்தக் குளிசையைப் போட்டிருப்பாள் என்று உம்மா நினைத்துவிட்டார். நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். அந்த நேரம் அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெண்கள் வாட்டில் மூன்று கிழமை இருந்தேன். முதல் கிழமையின் கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வருஷமாகக் குறை குறை என்று சொன்ன அதே சனம், இப்போது கறிச்சட்டிகளோடு வந்தது. பிரியாணி, கோழி, பாலில் செய்த பண்டங்கள். "சாப்பிடு கிளி, சாப்பிடு, எல்லாம் சரியாயிரும்." இப்போது சாப்பிடவும் கூடாது! மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாட்டைக் கொடுத்தால், இரத்தத்தில் இருக்கிற மற்ற உப்புகளும் திடீரென்று இறங்கி ஆளையே கொண்டுபோய்விடுமாம். ஆகவே அளவாக, நேரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நாளுக்கு நாள் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பரிசோதனை அங்கே இல்லை என்று வாப்பா இரத்தக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு மழைக்குள் வெளி லாபுக்குப் போய் வந்தார். அது உடைந்துவிடும் என்று பயந்து அவர் பஸ்ஸில் போகவில்லை, நடந்தே போயிருக்கிறார்.

வாட்டில் பாண்டிருப்பைச் சேர்ந்த மிஸ்ஸி ஒருவர் இருந்தார். தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கறிச்சட்டிகளை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு கோப்பைக் கஞ்சியோடு என் கட்டிலில் வந்து உட்காருவார். பாதிக் கஞ்சிக்கு நான் அரை மணித்தியாலம் எடுப்பேன். அவர் அவசரப்படுத்தியதும் இல்லை, தலையைத் தடவியதும் இல்லை.

"மிஸ்ஸி, ஏலாது."

"ஏலாதெண்டு எனக்கும் தெரியும் தங்கச்சி. ஏலாமலே குடிங்க."

அந்த மூன்று கிழமையில் எனக்குப் பிரயோசனப்பட்ட ஒரே அறிவுரை அதுதான். ஏலும் என்று தோன்றுகிற வரைக்கும் காத்திருந்தால் நான் இன்றைக்கு இல்லை.

இரண்டாம் கிழமை மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அது வேறு கட்டடம். உம்மா முகத்தை மூடிக்கொண்டு, ஆட்கள் காணாமல் இருக்கப் பின்பக்கத்தால் என்னைக் கூட்டிப்போனார். உள்ளே போனால் வாங்கில் எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்! அவர்களும் முகத்தை மூடியிருந்தார்கள். ஆனால் தெருவில் நாளாந்தம் பார்க்கிற செருப்பை மூட முடியுமா? மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சளிக்கு மருந்து எடுக்க வந்திருந்தால் இந்நேரம் பிள்ளைப்பேறு வரைக்கும் கதைத்திருப்பார்கள்.

மனநல டொக்டர் ஒரு பெண். உம்மா அழுதுகொண்டு, "நான் ஒரு சொல்லுச் சொன்னதால வந்ததா டொக்டர்?" என்று கேட்டார். ஒரு சொல்லால் மட்டும் இது வராது என்றார் டொக்டர். ஆளின் சுபாவம் இருக்கும், பிறவியிலேயே கொஞ்சம் இருக்கும். ஆனால் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் மெலிந்தால்தான் மதிப்பு என்று ஒரே பல்லவியைப் பாடினால், வரக்கூடிய பிள்ளைக்கு அது வந்தே விடும். வந்த பிறகு அது பிடிவாதமும் இல்லை, கொழுப்பும் இல்லை, வருத்தம். மருத்துவம் செய்ய வேண்டிய வருத்தம். உம்மா அதைக் கேட்டு ஓம் ஓம் என்று தலையாட்டினார். எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அடுத்த நாள் சாய்ந்தமருதில் இருந்து மாப்பிள்ளையின் உம்மா திராட்சைப் பழத்தோடு வந்தபோது, "ரெத்தக் கொறவு" என்று உம்மா வாய் கூசாமல் சொன்னார். அந்த மனுஷி என்னை மேலும் கீழும் பார்த்தார். கன்னத்து எலும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வருத்தம் வருத்தந்தான். ஆனா இப்பதான் புள்ள சோடிக்குப் பொருந்துது" என்றார்.

உம்மா சிரித்தார். நான் பார்த்தேன், சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு நாள் உம்மாவோடு நான் கதைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். திங்கள் வியாழன் இல்லை, வருகிற நோன்பு மாதமும் இல்லை, அவர் சொல்கிற வரைக்கும் ஒரு நோன்பும் இல்லை. பகல் சாப்பாட்டை ஒரு நாள் விட்டாலும் பழைய வழிக்குக் கால் திரும்பிவிடும். வாப்பா பள்ளி மௌலவியிடம் போய்க் கேட்டார். "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். டொக்டர் விடுற வரைக்கும் அவ புடிக்கப்படாது" என்றார் மௌலவி. நேரே ஒத்துக்கொண்டார், மனுஷன். ஒத்துக்கொள்ளாதவள் நான்தான். அல்லாஹ்வின் கடமையை எப்படி விடுவது, மறுமையில் என்ன பதில் சொல்வது என்று வீட்டில் நின்று வாதாடினேன். என் வாயால் அந்த வருத்தம் மார்க்கம் பேசியது. வாப்பா பாவம், கண் கலங்கிவிட்டார்.

நோன்பு மாதம் பிறந்தது. ஊரே பகலில் அடுப்பை அணைத்திருக்கும் மாதத்தில், எங்கள் குசினியில் மட்டும் பன்னிரண்டு மணிக்கு மீன் பொரியும். மணம் மதிலைத் தாண்டிப் போகாமல் இருக்குமா? முதலாம் நாளே பின்வளவில் இருந்து பல்கீஸ் மாமியின் குரல் வந்தது.

"ஆரு புள்ள பகல்ல மீன் பொரிக்கிற?"

"மகளுக்குத் தொழுக இல்ல மாமி" என்று உம்மா பதில் கொடுத்தார். மாதவிடாய் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மாமி சரி என்று போய்விட்டார்.

அந்தப் பொய் ஒரு கிழமை ஓடியது. அதற்கு மேல் எந்தப் பொம்பிளையிடம் அது ஓடும்? எட்டாம் நாள், "இன்னும் முழுகல்லயா அவ?" என்று மாமி கேட்டார். மாதவிடாய் முடிந்து முழுகிவிட்டால் தொழுகையும் நோன்பும் திரும்பக் கடமையாகிவிடும். உம்மா அன்றோடு பொரிப்பதை நிறுத்தினார். யன்னல்களைச் சாத்திவிட்டு முட்டை அவித்துத் தந்தார். நான் விடுவேனா? "உம்மா, மணக்கும், வேணாம்." "உம்மா, ஆக்கள் கேப்பாங்க, பாதி காணும்." உம்மாவின் வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் நாளுக்கு நாள் குறைத்தேன். கிளினிக்கில் நிறை பார்த்தார்கள், இறங்கியிருந்தது. "இன்னும் ஒரு கிழமை பார்ப்பேன், அதற்குள் ஏறாவிட்டால் திரும்பவும் வாட்டில் போடுவேன், இந்த இதயம் இன்னொரு தரம் தாங்கும் என்று நான் பொறுப்பெடுக்க மாட்டேன்" என்றார் டொக்டர். வீடு வரும் வரைக்கும் ஓட்டோவில் உம்மா கிளினிக் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

இன்றைக்கும் நான் கிளினிக்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முழுதாகச் சுகம் என்று சொன்னால் அது பொய். ஆனால் வாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தச் சம்பந்தம் இப்போது இல்லை. அது இல்லாமல் போன பகலைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

கிளினிக்குக்குப் போய் வந்த மறுநாள். நடுப்பகல் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. உம்மா யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் பொரித்தார். குசினி மேசையில் என் முன்னால் சோறு, பொரித்த மீன், பருப்பு, கீரை. மூன்று வாய் சாப்பிட்டிருப்பேன். பெண்கள் எங்கள் பக்கத்தில் குசினி வாசலால்தான் வருவார்கள், தட்டிக் கேட்கிற வழக்கம் இல்லை. பல்கீஸ் மாமி வந்தார். அவர் பின்னால் மாப்பிள்ளையின் உம்மா, கலியாணத்துக்கு நாள் வைக்கிற கதை கதைக்க.

எனக்குள் இருந்த வருத்தம் துள்ளிக் குதித்தது. சாப்பாட்டை நிறுத்த இதைவிட நல்ல சாட்டு எங்கே கிடைக்கும்? நான் மூடியை எடுத்துப் பீங்கானை மூடினேன்.

"என்ன மகள், நோன்பில்லயா?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"தொழுக இல்லயாக்கும்" என்றார் பல்கீஸ் மாமி. "நோன்பு தொடங்கின நாள்ல இருந்து இல்ல."

உம்மா அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார். வந்து என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடியைத் தூக்கி அப்பால் வைத்தார்.

"தொழுக இரிக்கி மாமி. நான்தான் பொய் செல்லிட்டன். நோன்பு வாயால பொய் செல்லிட்டன், அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும்" என்றார். பிறகு மற்றவரைப் பார்த்தார். "ரெத்தக் கொறவெண்டு ஒங்களுக்குச் சொன்னதும் பொய்தான். மெலியோணும் மெலியோணும் எண்டு சாப்பிடாமக் கிடந்து, நெஞ்சு நிக்கப் பாத்த புள்ள இவ. மனநல டொக்டர்ட்டக் காட்டுறம். இவ நோன்பு புடிக்கப்படாது, பகல்ல சோறு தின்னோணும். நான் தீத்தப் போறன். நீங்க இரிந்து பாக்கிறதெண்டா பாருங்க."

மாப்பிள்ளையின் உம்மா உட்காரவில்லை. பீங்கானில் இருந்த சோற்றைப் பார்த்தார்.

"வருத்தம் ஆருக்கும் வரும், அத ஊருக்குச் செல்லத் தேவல்ல, நம்மளுக்குள்ள இரிக்கட்டும்" என்றார். "ஆனா கலியாணம் முடியிற வரைக்கும் இப்பிடியே இரிந்தா நல்லம். இவ்வளவு சோறு போடாதீங்க, திரும்ப ஊதிருவா."

"ஊதட்டும்."

"அப்ப கலியாணம்?"

"புள்ள உசிரோட இரிந்தாத்தானே கலியாணம்!" என்றார் உம்மா. அப்படி ஒரு குரல் உம்மாவிடம் இருப்பது எனக்கே தெரியாது.

அவர்கள் இன்னும் வாசலில்தான் நின்றார்கள். உம்மா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மீனில் முள் எடுத்தார், சோற்றோடு பிசைந்தார், ஒரு பிடி பிடித்து என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். எனக்குள் இருந்தது வேணாம் வேணாம் என்று கத்தியது. உம்மாவின் உதடு நோன்பில் காய்ந்து வெடித்திருந்தது.

"வாயத் தொற மகள்."

நான் வாயைத் திறந்தேன்.